இரண்டாம் அறையில் நிற்கும் பெண்

நவம்பர் 9

அன்புள்ள சித்திக்கு,

என் கையெழுத்து உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் உங்கள் அக்காவின் மகள். ஊசி என்று கூப்பிடுவீர்களே, அவள்தான். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டுவிட்டேன், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் அப்பா வேலை செய்யும் கோல்ட் ஸ்டோரேஜில் பழப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன்.

நீங்களும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்று தெரியும். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. உங்களுக்குப் போன் செய்யலாம்தான். ஆனால் போன் அப்பாவின் மேசையில் இருக்கிறது. அதோடு போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் வருகிறது.

அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது சித்தி.

நாங்கள் இன்னும் அதே குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடங்கின் இரண்டாம் குளிரறை. இப்போது வெளியே புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடக்கிறது. நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அம்மா எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மேலே ஏறுகிறது, உள்ளேயிருந்து யாரோ விளக்கைத் தூண்டிவிட்டது போல. முகம் முழுக்கப் பரவி, வேர்த்து, ரவிக்கை நனைந்து, அப்புறம் சட்டென்று இறங்கிவிடும். வெளுத்துப்போய் நடுங்குவாள். "என்னப் பாக்காதடி" என்பாள். அந்தக் குரல்கூட வேறு யாருடையதோ போல இருக்கும்.

போன வருஷத்திலிருந்து அம்மா சாமான் அறையில் தனியாகப் படுக்கிறாள். உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். அப்பா சாப்பிட்ட பிறகு அந்தக் கதவு முன்னால் போய் நின்று, இரண்டு விரலால் மெதுவாகத் தட்டுவார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதாவது செய்வதுபோல இருப்பேன். ஒருநாள் வெளிப்பக்கமாகப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா தூங்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. ஒரு கையால் வாயைப் பொத்தி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கிடங்கில் இரண்டாம் அறைக்குள் ஒரு பெண் நிற்கிறாள் என்று சுமை தூக்குகிறவர்கள் சொல்கிறார்கள். தாடி என்று ஒரு ஆள் இருக்கிறார், பொய் பேசமாட்டார். "முடிய அவுத்துப் போட்டுக்கிட்டு பெட்டிங்களுக்கு நடுவுல நிக்குது பாப்பா. முதுகுதான் தெரியுது, மூஞ்சியக் காட்ட மாட்டேங்குது" என்றார். இந்த வாரம் எங்கள் வீட்டுக்குள் ஈரக் கால்தடம் பார்த்தேன். பின்வாசலிலிருந்து சாமான் அறை வரைக்கும். தொட்டால் ஐஸ் போலச் சில்லிட்டது.

அங்கே இருந்தது இங்கே வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க எனக்கு ஆளில்லை.

உங்கள்
ஊசி


நவம்பர் 20

ஊசி,

உன் கடிதத்தை லாண்டரியில் இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். எங்கள் ஓட்டலில் ஒரு நாளைக்கு மலை மலையாகப் படுக்கை விரிப்பு வரும். அந்த அனலிலும் எனக்குக் குளிர் எடுத்தது. நீ நன்றாகத்தான் எழுதுகிறாய், பிழை பார்க்க நான் என்ன டீச்சரா.

முதலில் ஒன்று சொல். உங்கம்மா சொல்லி எழுதினாயா? அப்படியென்றால் அவளையே எழுதச் சொல். மூன்று வருஷமாக நான் செத்தேனா இருக்கிறேனா என்று கேட்காதவள். நீயாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள், கோபம் உன்மேல் இல்லை.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டதா? வாயால் கேட்க வேண்டாம், அவள் கடித்துத் துப்பிவிடுவாள். ஒரே வீட்டில் இருக்கிற பெண்ணுக்குக் கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தால் எழுது.

பேய் என்று எழுதாதே. எழுத்தில் போட்டால் அதற்கு உடம்பு வந்துவிடும். ஆனால் அந்த அறைக் கதையை இன்னும் விவரமாக எழுது.

சித்தி


டிசம்பர் 1

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவுக்குத் தெரியாது. நானாகத்தான் எழுதினேன். நீங்கள் கேட்டது நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணை நானே பார்த்துவிட்டேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். குளிரறைக் கதவில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். அதைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் வெள்ளையாகப் புகை. அதற்குள் அவள் நின்றாள். முடி முதுகு முழுக்கக் கிடந்தது. பனி படிந்த குழாயில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், குழந்தையை அணைப்பது போல. பிறகு திரும்பினாள்.

அம்மா.

என்னை நேராகப் பார்த்தாள் சித்தி. ஆனால் நான் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. உதடு அசைந்தது, யாருடனோ பேசுவது போல. நான் ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அடுப்படியில் ஒன்றும் நடக்காதது போல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடி ஈரமாக இருந்தது. "எங்கம்மா போயிருந்த?" என்று கேட்டேன். "எங்க போவேன்" என்றாள். கத்தியைப் பார்த்துக்கொண்டே, "உள்ள எரியுதுடி. வெளிய யாருக்கும் தெரியல" என்றாள்.

அப்படியென்றால் எல்லாம் அம்மாதான் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் மறுநாள் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, தாடி இரண்டாம் அறையிலிருந்து பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "பின்னாடி நின்னுக்கிட்டு என் பேரச் சொல்லுது" என்றார். அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்தப் பக்கம் நின்னா?"

எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. யார் என்று கேட்கவில்லை.

அப்பா வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். ஜனவரியில் போகிறார். நாங்கள் போகவில்லை, அவர் மட்டும். நான் பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "உங்கம்மாவுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இருந்தா தொந்தரவு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா போய்விட்டால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் அம்மாவும் அந்த அறையும் நானும்தான்.

ஊசி


டிசம்பர் 12

ஊசி,

இதை எழுதி எழுதிக் கிழித்தேன். உன் வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று தெரியவில்லை. கடைசியில், வீட்டில் பயந்துகொண்டு நிற்பது நீதான், உனக்குத் தெரியாமல் வைத்து யாருக்கு லாபம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் உன் உடம்புக்கும் இது வரும். அன்றைக்கு நீ சாமான் அறையைத் தேடிப் போகக் கூடாது.

மாதவிலக்கு நிற்கும்போது பெண் உடம்பில் ஹார்மோன் சுரப்பது குறைந்துபோகும். அதனால்தான் அந்த அனல், வேர்வை, தூக்கமில்லாமை, காரணமில்லாத கோபம். இதெல்லாம் எல்லோரும் ஏதோ கொஞ்சம் பேசுவார்கள். பேசாத ஒன்று இருக்கிறது. உள்ளே இயல்பாக இருக்கும் ஈரம் வற்றிவிடும். அங்கே தோல் மெலிந்துவிடும். சிறுநீர் போனால்கூட எரியும். புருஷன் ஆசையாகப் பக்கத்தில் வந்தால், முன்பு சந்தோஷம் இருந்த இடத்தில் வலிதான் இருக்கும். வலிக்கும் என்று தெரிந்ததும் உடம்பு அவன் காலடிச் சத்தத்துக்கே இறுகிக்கொள்ளும். வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். சொல்லாவிட்டால், இவள் தன்னை வெறுத்துவிட்டாள் என்று அவன் நினைக்கிறான். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தால் இன்னும் மோசம், ஒருவர்கூடச் சண்டை போடமாட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அதில் இருந்தேன். நாற்பது வயதில் எனக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வருவது எனக்கு ஒரே நாளில் வந்தது. உன் சித்தப்பா சோபாவில் படுக்க ஆரம்பித்தார். அப்போது நான் பஸ் ஏறி வந்தது உங்கம்மாவிடம்தான். வேறு யாரிடம் சொல்வேன்? அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நிற்கும்போதே, "இந்த வயசுல உனக்கு அதுதான் குறையா? வெக்கமா இல்ல?" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். நான் காப்பியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதுதான் எங்கள் சண்டை. வேறு ஒன்றும் இல்லை.

இப்போது உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் என் மனதில் வந்தது, "படட்டும்" என்பதுதான். மறைத்து என்ன. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பதாக நீ எழுதியது கண்ணை விட்டுப் போகவில்லை.

எனக்கு ஒரு பெண் டாக்டர் சொன்னார். இதற்கு வழி இருக்கிறது. வறட்சிக்கு ஜெல் இருக்கிறது. அது போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஹார்மோன் களிம்பு, டாக்டர் பார்த்துத்தான் தருவார். அனலுக்கும் மருந்து உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரியது, புருஷனிடம் சொல்வது. உன் சித்தப்பா இப்போது மருந்துக்கடையில் போய் "அந்த ஜெல்லு எந்தத் தட்டுல வச்சிருக்கீங்க" என்று பருப்பு கேட்பதுபோலக் கேட்கிறார். எனக்குத்தான் கடை வாசலில் நிற்க முடியவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளிடம் போய், "வலிக்குதுன்னா அதுக்கு மருந்து இருக்கு, சித்தி சொல்லச் சொன்னாங்க" என்று சொல். அவ்வளவே. மீதியை அவள் புரிந்துகொள்வாள்.

உடம்பு எரிகிற பெண் குளிர்ச்சியைத் தேடிப் போகிறாள், அதில் பேய் ஒன்றும் இல்லை. அம்மா உன் பக்கத்தில் இருந்தபோது அந்த ஆள் பார்த்தது யாரை என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியுமா? அதை உடனே எழுது.

சித்தி


டிசம்பர் 21

அன்புள்ள சித்திக்கு,

சொல்ல முடியவில்லை.

முதல் தடவை அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றேன். "என்ன?" என்றாள். "உப்பு தீர்ந்துபோச்சு" என்றேன். உப்பு இருந்தது. அடுத்த தடவை அவள் கழுத்தில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. "வலி" என்று ஆரம்பித்தேன். "உனக்கா? எங்கடி?" என்று என் நெற்றியைத் தொட்டாள். அந்தக் கை பிணத்தின் கை போல இருந்தது. பல்வலி என்று சொல்லி, கிராம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் எழுதும்போது எல்லாம் சரியாக வருகிறது.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளே ஒரு தள்ளு கைப்பிடி உண்டு, ஆனால் இரண்டாம் அறையில் அது உடைந்து ரொம்ப நாளாகிறது. அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். சாயங்காலம் பூட்டும் முன் ஸ்பேனரால் கதவில் மூன்று தடவை தட்டிவிட்டுக் காத்திருப்பார். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால்தான் பூட்டுவார். கிடங்கில் எல்லோருக்கும் இது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதனால் பயமில்லை என்று நினைக்கிறேன்.

பயம் அப்பாவுக்குத்தான். சுமைக்காரர்கள் யாரும் அந்த அறைக்குத் தனியாகப் போவதில்லை. அப்பா முன்பெல்லாம் அவர்களைக் கேலி செய்வார், "ஏன்யா, கூலி குடுத்தா அதுவும் ரெண்டு மூட்ட தூக்குமான்னு கேளுங்க" என்று. நேற்று அவரே கண்ணாடி வழியாக முதுகைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். அம்மா அவர் முன்னால்தான் நின்றாள், தட்டு எடுத்து வைத்துக்கொண்டு. தான் பார்த்தது யாருடைய முதுகு என்று அவருக்குத் தெரியவில்லை சித்தி. இருபத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவர்.

நானும் சொல்லவில்லை.

அப்பாவின் டிரங்குப் பெட்டி ஹாலில் திறந்து கிடக்கிறது. பாதி நிரம்பிவிட்டது.

ஊசி


டிசம்பர் 29

ஊசி,

இன்று உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது உங்கப்பா. "யாருங்க?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார். என்ன சொல்வது? உங்கள் மனைவிக்கு வலிக்கிறது என்று நானா அவரிடம் சொல்வது? வைத்துவிட்டேன். உன்னைக் கோழை என்று திட்ட இனி எனக்கு வாய் கிடையாது.

ஆனால் கேள். அவளை அந்த அறைக்குள் தனியாக விடாதே. தட்டினால் பதில் தட்டுவாள் என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

கூடவே இரு. கோபித்தாலும் கூடவே இரு.

சித்தி


ஜனவரி 6

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்து சேருவதற்குள் நடந்துவிட்டது. அம்மா இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அன்று கடைசி வேலை நாள். சுமைக்காரர்கள் இருட்டுவதற்கு முன்பே போய்விட்டார்கள். நான் அவருடைய பிளாஸ்க்கை வாங்கிவரப் போயிருந்தேன். அவர் ஒவ்வொரு அறையாகத் தட்டிப் பூட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் அறையில் தட்டிவிட்டு வழக்கத்தை விட அதிக நேரம் நின்றார். கதவில் காதை வைத்தார். சட்டென்று காதை எடுத்துக்கொண்டு, தாழை இழுத்துப் பூட்டை மாட்டினார். "வா, போலாம்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த பிறகு அவர் என் கையைப் பிடித்ததே இல்லை.

வீட்டில் சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. "கடைக்குப் போயிருப்பா" என்று அப்பா டிரங்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து சட்டை மடிக்க ஆரம்பித்தார். அம்மாவின் செருப்பு வாசலில் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

அப்போது அடுப்படிச் சுவரில் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து. மூன்று தடவை. நிதானமாக.

அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருக்கிறது, மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "கேக்கலன்னு வச்சுக்க" என்றார். மறுபடியும் மூன்று தடவை.

"அது அம்மாப்பா" என்றேன்.

"என்ன ஒளர்ற?"

"ரெண்டாம் ரூம்ல நிக்கிறது அம்மாதான்ப்பா. எப்பவும் அம்மாதான்."

அவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், என்னையும் அது பிடித்துவிட்டதோ என்பது போல. சாவியை நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னால் வந்தது எனக்குத் தெரியாது. தாழை இழுக்க என் பலம் போதவில்லை, என் கை மேல் அவர் கை வந்து இழுத்தது.

அம்மா கடைசி அடுக்குக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டையும் அக்குளுக்குள் செருகி, முழங்காலை மடக்கி, உதடு நீலமாக. கண் திறந்தே இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் மூச்சை அடக்கினாள். வாயிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகை நின்றுவிட்டது. அதை அவரும் பார்த்தார்.

மெஷின் ரூமில்தான் சூடு இருக்கும், அங்கே தூக்கிக்கொண்டு போனோம். சாக்குகளையும் என் ஸ்வெட்டர்களையும் போட்டுச் சுற்றினோம். அப்பா தன் சட்டையைக் கழற்றி அவள் பாதத்தைச் சுற்றப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இப்பக்கூடவா?" என்றார் அப்பா.

அம்மா சாக்குக்குள் இன்னும் சுருண்டுகொண்டாள். பல் அடித்துக்கொண்டிருந்தது.

"தட்டினேனே. மூணு தடவ தட்டினேன். பதிலுக்கு ஒரு தட்டு தட்டக் கூடாதா?"

பல் அடிப்பது கொஞ்சம் அடங்கியதும் அம்மா சொன்னாள். "நீங்க கதவத் தட்டினா மூச்ச அடக்கிக்குவேன். பழகிப்போச்சு. நீங்க பூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம்தான் எந்தக் கதவுன்னே நெனப்பு வந்துச்சு."

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். "உள்ள யாரோ மூச்சு விட்டு நிறுத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றார். "கேட்டுத்தான் பூட்டினேன். அது வெளிய வந்துடக் கூடாதுன்னு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இவர்கள் பேசவே மாட்டார்கள், காலையில் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், மெஷினின் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மாவுக்கு உங்களப் பிடிக்காம இல்லப்பா. வலிக்குது. அந்த வயசுல வலிக்குமாம். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. அதுக்கு மருந்து இருக்கு, சித்தி சொல்லச் சொன்னாங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சாக்குக்குள்ளிருந்து, "அவகிட்டயா கேட்ட?" என்றாள். பிறகு, "அவள நான் என்ன பேசினேன்னு தெரியுமா உனக்கு" என்றாள்.

அப்பா அவளிடம், "நெசமாவா?" என்று மட்டும் கேட்டார். சாக்கு அசைந்தது. ஆமாம் என்று.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு டிஸ்பென்சரி நர்ஸ் வந்து பார்த்தார். விரல் நுனி மட்டும் மரத்திருக்கிறது, சரியாகிவிடும் என்றார். அப்பா காலையில் போகவில்லை. நர்ஸ் போன பிறகு நான் அம்மாவுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டே, "நல்ல வேள சுவத்துல தட்டின" என்றேன்.

"நான் எங்கடி தட்டினேன்? கைய எடுக்கவே முடியலயே" என்றாள்.

அவள் சொன்னது அப்பா காதிலும் விழுந்தது. அந்தச் சுவருக்குள் அரை அடிக்கு மேல் தெர்மோகோல் இருக்கிறதாம். அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் இங்கே கேட்காது என்றார். மூன்று பேரும் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் பயப்பட்ட மாதிரி தெரியவில்லை.

ஊசி


ஜனவரி 15

ஊசி,

படித்துவிட்டு விரிப்பு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் "என்னம்மா, உடம்பு சரியில்லயா?" என்றார். "எங்க வீட்டு ஊசிக்கு வாய் வந்துடுச்சு" என்றேன். அவர் விலகிப் போய்விட்டார்.

நேற்று எனக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவள் நான், அந்த மூச்சு எனக்குத் தெரியாதா. "பேய்கூட போன் பண்ணா ஹலோ சொல்லும் அக்கா" என்றேன். சிரித்தாளா அழுதாளா என்று புரியவில்லை. பிறகு, "அன்னிக்கு நீ காப்பியக் குடிக்காமப் போயிட்ட" என்றாள். மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் இவ்வளவுதான். எனக்கு அது போதுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் நிறைய பேசினோம். அந்த அறையில் யாருடன் பேசுவாள் என்று கேட்டேன். "எனக்கு முன்னாடியே அங்க ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. அவளும் எரியுதுன்னா" என்றாள். நான் மேலே கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும். அவளை மட்டும் அனுப்பினால் வாசலோடு திரும்பி வந்துவிடுவாள். போகும்போது சிறுநீர் எரிச்சலையும் மறக்காமல் சொல்லச் சொல். மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். களிம்பு ஒரே நாளில் வேலை செய்யாது, வாரக்கணக்காகும், நடுவில் விட்டுவிடக் கூடாது.

அப்பா மாற்றலை என்ன செய்தார்? அதை எழுதாமல் விட்டிருக்கிறாய்.

சித்தி


பிப்ரவரி 18

அன்புள்ள சித்திக்கு,

மாற்றல் ரத்தாகவில்லை. வேறு ஆளை அனுப்பும் வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் வராமல் இருந்தால் நல்லது. வந்தால் மூன்று பேருமாகப் போவோம் என்று அப்பா சொல்கிறார். டிரங்குப் பெட்டியை இன்னும் மூடவில்லை, ஆனால் அதிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது.

டாக்டரிடம் போனோம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு சரியாகச் சாத்தவில்லை. அம்மா வாய் திறந்து சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், எரிச்சலைக்கூட. அப்பா, "நான் என்ன பண்ணணும் டாக்டர்?" என்று கேட்டார், மெஷின் ரிப்பேருக்கு வந்தவர் போல. "அவசரப்படாதீங்க. கேளுங்க. அவங்க இன்னிக்கு வேணாம்னா, அதையும் சந்தோஷமா எடுத்துக்குங்க. பக்கத்துல உக்காந்து கையப் பிடிக்கிறதுக்கு ஒரு மருந்தும் வேணாம்" என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நான் போய்த் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றுகொண்டேன். வரும் வழியில் மருந்துக்கடை வாசலில் அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாதான் உள்ளே போனார்.

அனல் இன்னும் வருகிறது, முன்பு போல அடிக்கடி இல்லை. வரும்போது அப்பா ஒரு விசிறி அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். "நெருப்பு மூட்டறீங்களா, அணைக்கறீங்களா?" என்று அம்மா திட்டுவாள். அம்மா இப்போது கிடங்குக்குள் போவதில்லை. ஆனால் இரண்டாம் அறையில் அந்தப் பெண்ணை இன்னும் பார்ப்பதாகத்தான் தாடி சொல்கிறார். அப்பா அவரைக் கேலி செய்வதில்லை. உள்ளே கைப்பிடியைப் புதிதாக மாட்டிவிட்டார். யாராக இருந்தாலும் வேண்டும்போது வெளியே வரட்டும் என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் சிரித்தாள். நான் இதுவரை இந்த வீட்டில் கேட்டே இராத சிரிப்பு. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, தொண்டைக்குள்ளேயே புரண்டு வருவது போல. என் கை மயிரெல்லாம் நின்றுவிட்டது. வந்துவிட்டாள், வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள் என்று ஈரக் கையோடு சாமான் அறைக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. கட்டிலில் மெத்தைகூட இல்லை. சிரிப்பு அங்கிருந்து வரவில்லை. அப்பாவின் அறையிலிருந்து வந்தது. கதவு சாத்தியிருந்தது. அப்பா ஏதோ சொன்னார், மறுபடியும் அதே சிரிப்பு, அதன் நடுவில், "மெதுவாங்க, புள்ள இருக்கா" என்று அம்மாவின் குரல்.

அம்மா சிரித்தால் அப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வெளியே நல்ல குளிர். ஸ்வெட்டர் அவர்கள் இருக்கும் அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. யார் போய்க் கேட்பது? படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உங்கள்
ஊசி